கறுப்பு ஜவ்வரிசி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த வாடை தெரியும். தை, மாசியில், குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் சேகோ ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு நெடி சட்டென்று உள்ளே வந்து மூக்கைச் சுளிக்க வைக்கும். சிறு வயதில் நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அந்த நெடியோடு சேர்ந்து வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது எரிபொருள் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜவ்வரிசி சேலத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோக, 1943இல் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வியாபாரி குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலிருந்து இங்கேயே அவற்றைச் செய்து பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த தொழிலுக்கு 1981இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெள்ளை முத்தின் இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அந்த முத்தைக் கழுவிய தண்ணீரின் கதை.

கிழங்கைத் தோல் சீவிக் கழுவி, அரைத்து, சலித்து, பால் எடுப்பார்கள். சக்கை ஒரு பக்கம் போகும். அதற்குத் திப்பி என்று பெயர். பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். அந்தத் தண்ணீரை வெளியே விட வேண்டும். பார்வைக்கு அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருக்கும். ஆனால் அதில் படியாத நுண்ணிய மாவு உண்டு, கரைந்த சர்க்கரை உண்டு. மரவள்ளிச் செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் லினமாரின் என்ற பொருளும் உண்டு. கிழங்கின் செல்கள் உடைபடும்போது, அதுவரை தனியே இருந்த ஒரு நொதியும் லினமாரினும் கலந்து சயனைடு பிறக்கிறது. பச்சைக் கிழங்கை ஆடு மாடு அளவு மீறித் தின்றால் சுருண்டு விழுவது இதனால்தான்.

இந்தத் தண்ணீரை ஓடையில் விட்டால் என்ன ஆகும் என்பது ஓடைக்கரை ஊர்களுக்குத் தெரியும். தண்ணீரில் இருக்கும் மாவைத் தின்னக் கிருமிகள் பெருகும். தின்பதற்கு அவை ஆக்சிஜனை இழுக்கும். ஓடையில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் மீன் செத்து மிதக்கும். அதன் பிறகு ஆக்சிஜனே வேண்டாத வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்கும். நீர் கறுக்கும், அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். கொப்புளத்தில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழ்களைப் பிடித்து, அந்த வாயு எரியும் என்று அலெஸாண்ட்ரோ வோல்ட்டா காட்டினாரே, அதே வாயு. சமையலறைக்குள் போயிருந்தால் தோசை வார்க்கும். வானத்துக்குப் போனால், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

ஒரு கிலோ மாவு கழிவுநீரோடு போய்விட்டது என்று வையுங்கள். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் அது முழுதாகச் செரித்தால் சுமார் 400 லிட்டர் மீத்தேன் தரும். அதை எஞ்சினில் எரித்து ஜெனரேட்டரைச் சுற்றினால் ஏறத்தாழ 1.4 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். என்னை மலைக்க வைப்பது இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. மாவை அப்படியே அடுப்பில் போட்டு எரித்தால் என்ன வெப்பம் வருமோ, அதில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் அந்த மீத்தேனுக்குள் பத்திரமாக இருக்கிறது. தின்று செரித்த கிருமிகள் மிச்சத் துளியை வைத்துக்கொண்டு பிழைக்கின்றன. ஆக்சிஜனை நம்பி வாழும் கிருமிகள் அப்படி இல்லை. சாப்பிட்டதில் பாதியைத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும், மீதியை எரித்துத் தீர்க்கும். நமக்குச் சேற்று மலையைத்தான் விட்டுவைக்கும். அவற்றுக்குக் காற்று ஊதவும் கரண்ட் வேண்டும். ஒரே தண்ணீரைத்தான் இரண்டு வழியிலும் சுத்தம் செய்கிறோம். ஒரு வழி கரண்ட் பில்லை ஏற்றும், மறு வழி இறக்கும்.

ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் இந்த இரண்டாவது வழியைப் பார்த்தேன். எரிவாயுத் தொட்டியைக் கவனிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், முன்பு களத்தில் ஜவ்வரிசி காயவைத்துக்கொண்டிருந்தாராம். “வாங்க தம்பி, முதல்ல மேலே பார்த்திடலாம்” என்று ஜவ்வரிசி வறுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். குலுக்கி உருட்டிய ஈர மணிகள் சூடான தகட்டில் பொரபொரவென்று உருண்டுகொண்டிருந்தன. தகட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். புகை இல்லை, கரி இல்லை. நீலமாக, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டிய நெருப்பு ஒரே சீராக எரிந்தது. “இது போன வாரம் கழுவின தண்ணி” என்றார்.

பிறகு தொட்டியடிக்குப் போனோம். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில குழாய்கள் இருந்தன. கீழ்க்குழாயைத் திறந்து கறுப்பாக வந்ததை ஒரு சட்டியில் பிடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசி, மிஞ்சியதை என் உள்ளங்கையில் கொட்டினார். சேறு என்று நினைத்து நீட்டிய கையில் மணிகள் இருந்தன. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் உருண்டையான, பளபளப்பான கறுப்பு மணிகள். விரலால் அழுத்தியபோது கொஞ்சம் மிருதுவாக அமுங்கின, உடையவில்லை. மேலே தகட்டில் உருண்ட வெள்ளை மணிகளுக்கும் இவற்றுக்கும் நிறம் ஒன்றுதான் வித்தியாசம் போல இருந்தது. “கறுப்பு ஜவ்வரிசின்னு வச்சுக்குங்க” என்று சிரித்தார்.

அந்த மணி ஒவ்வொன்றும் ஓர் ஊர். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டிய ஊர். வெளிச்சுற்றில் இருப்பவை மாவையும் சர்க்கரையையும் உடைத்துப் புளிப்பாக்குபவை. உள்ளே, நூல் நூலாகப் பின்னிக் கிடப்பவை மீத்தேன் செய்பவை. இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே கிடையாது. ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்க் கிளை, 1977இல் கார்ல் வூஸ் தனியாகப் பிரித்துக் காட்டியது.

இத்தகைய மணிகளைப் பயன்படுத்தும் தொட்டியை உருவாக்கியவர் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்சா லெட்டிங்கா. 1970களில் சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவுநீரை வைத்து அவர் குழு சோதனை செய்துகொண்டிருந்தது. அதுவரை பெரிய தலைவலி ஒன்று இருந்தது. மீத்தேன் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகும். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவற்றில் சில இரட்டிக்க நாள் கணக்காகும். தண்ணீர் வேகமாக ஓடினால் பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெரிய பெரிய தொட்டி கட்டி, வாரக்கணக்கில் தண்ணீரைத் தேக்க வேண்டியிருந்தது. லெட்டிங்கா தண்ணீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏற விட்டார். உதிரியாக இருந்தவை வழிந்து வெளியேறின. ஒட்டிக்கொண்டு கனமானவை மட்டும் தங்கின. நாளடைவில் தங்கியவை மணிகளாயின. தொட்டியின் மேல் பக்கம் கவிழ்த்த புனல் போன்ற ஒரு மூடி இருக்கும். வாயுக் குமிழைச் சுமந்து மேலே வந்த கறுப்பு மணி அதில் முட்டி, குமிழை விட்டுவிட்டு, கனத்தோடு கீழே இறங்கும். வாயு ஒரு வழி, தண்ணீர் ஒரு வழி, மணி தன் இடத்துக்கு. உள்ளே ஓடுகிற இயந்திரம் எதுவும் இல்லை. இதைத்தான் யு.ஏ.எஸ்.பி. தொட்டி என்கிறார்கள். லெட்டிங்கா இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இந்தியா முதல் பிரேசில் வரை வெப்ப நாடுகளில் இது இவ்வளவு பரவியதற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நம் வெயிலும் துணை. இந்தக் கூட்டத்துக்குப் பிடித்தது 35 டிகிரிச் சூடு, ஐரோப்பாவில் காசு கொடுத்து உண்டாக்க வேண்டிய அது இங்கே இலவசம்.

மணிக்குள் நடக்கும் கூட்டுக் குடித்தனத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீத்தேன் செய்யும் ஒரு கிருமிக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் ஒரே உயிர் என்றே படித்துக்கொண்டிருந்தார்கள். 1967இல் மார்வின் பிரையன்ட்டும் உடனிருந்தவர்களும் அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார்கள். ஒன்று சாராயத்தை உடைத்து ஹைட்ரஜனை வெளிவிடும். மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனை விடும். ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் முதலாவதற்குச் சோறு இறங்காது. எடுத்துத் தின்ன பக்கத்து வீட்டார் இருந்தால்தான் இந்த வீட்டில் உலை கொதிக்கும். அதனால்தான் இவை இவ்வளவு நெருக்கமாக மணியாய் ஒட்டிக் கிடக்கின்றன.

தொட்டி கெட்டுப்போவதும் இந்த உறவு முறிவதால்தான். மாவுத் தண்ணீரை ஒரே நாளில் அளவு மீறி விட்டால், புளிப்பாக்கும் கூட்டம் வேகமாக வேலை செய்துவிடும், மெதுவான மீத்தேன் கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாது. அமிலம் சேரும், அமிலம் சேர்ந்தால் மீத்தேன் கூட்டம் இன்னும் சுணங்கும். தொட்டிக்காரரிடம் கேட்டேன். “மாவு புளிச்சா என்னாகும்? அதேதான். தீனியை நிறுத்திட்டு, சுண்ணாம்புத் தண்ணி விட்டு, நாலஞ்சு நாள் சும்மா விட்ரணும் தம்பி. கை வைக்கக் கூடாது.” புதிதாகத் தொட்டி கட்டுபவர்கள் ஓடுகிற தொட்டியிலிருந்து கறுப்பு மணிகளை லாரியில் ஏற்றிவந்து போடுகிறார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. சாணியை மட்டும் கரைத்துத் தொடங்கினால் தொட்டி சீராக மாதக் கணக்கில் ஆகலாம்.

இத்தகைய தொட்டி கட்ட அரசு மானியமும் தந்திருக்கிறது. இவ்வளவு நல்ல காரியத்துக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும், ஆலைக்காரர்களே கட்டிக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. எரிவாயுவால் வரும் லாபத்தில் ஒரு பங்குதான் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறும். மிச்சமான விறகு, டீசல், கரண்ட் அங்கே தெரியும். ஓடைக்கரைக் கிணறு புளிக்காமல் இருப்பது, மீன் மிதக்காமல் இருப்பது, வானத்துக்குப் போகாத மீத்தேன், இவை எந்தப் புத்தகத்திலும் ஏறாது. பயன் ஊருக்கு, செலவு ஒருவருக்கு என்று ஆகும் இடத்தில் ஊர்ப் பணத்திலிருந்து ஒரு பங்கு வருவதுதான் முறை. மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே தானம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இது ஊர் தன் பங்கைக் கட்டுவதாகவே தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முதலில் கட்டுபவர் தவறு செய்வார். அந்தத் தவறின் விலையை அவர் கொடுப்பார், பாடத்தை மற்றவர்கள் இலவசமாகப் படிப்பார்கள். 1990களில் மத்திய அரசு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் முன்மாதிரி நிலையங்களுக்குப் பணம் போட்டதன் நியாயம் அதுதான். வேலூர் பக்கம் மேல்விஷாரத்தில் தோல் கழிவு, சென்னை கோயம்பேட்டில் காய்கறிக் கழிவு என்று தமிழ்நாட்டிலும் அவை வந்தன. கோயம்பேட்டு நிலையம் நாளுக்கு 30 டன் கழிவைச் செரிக்கும்படி கட்டப்பட்டது. காய்கறிக் கழிவோடு கயிறும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வந்தால் தொட்டிக்கு என்ன பாடு என்பதைக் கட்டிப் பார்க்காமல் யாரும் கற்றிருக்க முடியாது.

அண்மைய விதிகளைப் பார்ப்போம். புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தை அறிவித்தது. ஆலை, நகரம், வேளாண்மைக் கழிவுகளிலிருந்து ஆற்றல் எடுப்பவர்களுக்கான பகுதியில் மூன்று தொகைகள் இருக்கின்றன. எரிவாயுவாகவே பயன்படுத்தினால் நாளுக்கு 12,000 கன மீட்டருக்கு 25 லட்சம் ரூபாய். புதிய நிலையம் கட்டி மின்சாரம் எடுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு 75 லட்சம். புதிய நிலையத்தில் வாயுவைச் சுத்தப்படுத்தி, அழுத்தி, வண்டிக்கு ஊற்றும் பயோ சி.என்.ஜி. ஆக்கினால் நாளுக்கு 4,800 கிலோவுக்கு 4 கோடி. முதலில் படித்தபோது மூன்று எண்களும் எனக்குத் தொடர்பில்லாதவையாகத் தெரிந்தன. உட்கார்ந்து கணக்குப் போட்டால் மூன்றும் ஒரே வாயுவின் மூன்று முகம். 12,000 கன மீட்டர் சாண எரிவாயு போன்ற வாயுவில் மீத்தேன் 60 விழுக்காடு என்றால் 7,200 கன மீட்டர். மொத்த வாயுவில் கன மீட்டருக்கு இரண்டு யூனிட் என்று எடுத்தால் 24,000 யூனிட், அதாவது நாள் முழுக்க ஒரு மெகாவாட். மீத்தேனை எடை போட்டால் ஏறத்தாழ 5,000 கிலோ. ஒரே வாயுவுக்கு 25 லட்சம், 75 லட்சம், 4 கோடி. கருவிகளின் விலை வேறு வேறு என்பது உண்மை. ஆனாலும் அரசு எதன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தொகையிலேயே தெரிகிறது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஜவ்வரிசி வறுக்க வெப்பம் வேண்டும். அதே ஆலையின் வாயுவை அதே ஆலையின் தகட்டுக்கடியில் எரித்தால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி பயனாகிறது. எஞ்சினில் எரித்து மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மீதி வெப்பம், புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் போகும். அதையும் பிடித்து மாவு காயவைக்கலாம்தான், பிடிப்பவர்கள் குறைவு. அறிவியல் கணக்கில் உயர்ந்த பயன்பாடு எதுவோ அதற்கு மானியம் குறைவாக இருக்கிறது. சிறிய ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் நேரடி வெப்பத்துக்கும் நல்ல தொகை கொடுப்பது பொருந்தும்.

தொகையை விட நான் அக்கறைப்படுவது அது எப்போது, எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது என்பதில். கட்டி முடித்ததும் மொத்தமாகக் கொடுத்தால் தொட்டி நிற்கும், வாயு வராது. இந்தத் திட்டத்தில் நிலையம் தன் திறனில் 80 விழுக்காடு ஓடிக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் பணம் வரும்வரை கட்டியவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். 2025 ஜூனில் அதை மாற்றினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க ஒப்புதல் கிடைத்ததும் வங்கி உத்தரவாதத்தின் பேரில் பாதி, ஓடிக் காட்டிய பிறகு மீதி. ஓடிக் காட்டுவதற்கான அவகாசத்தையும் தளர்த்தி 18 மாதம் தந்தார்கள். சேகோ ஆலைக்கு அந்த அவகாசம் பெரிய விஷயம். கிழங்கு வரத்து நின்றால் ஆலை ஓயும், தொட்டிக்குத் தீனி இருக்காது. ஆடியில் சோதனைக்கு வந்தால் நல்ல தொட்டிகூடத் தோற்றுப்போகும்.

இனி ஓடுகிறதா என்று பார்ப்பது எப்படி? இங்கேதான் இயற்கை ஒரு கணக்குப்பிள்ளையை இலவசமாகத் தந்திருக்கிறது. கழிவுநீரின் கேட்டை சி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். அந்த நீரில் உள்ளதையெல்லாம் எரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. ஆக்சிஜன் நுழையாத தொட்டிக்குள் எதுவும் எரிவதில்லை. எரியும் தகுதி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குக் கைமாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே தண்ணீரில் ஒரு கிலோ சி.ஓ.டி. குறைந்தால் மேலே 350 லிட்டர் மீத்தேன் வந்திருக்க வேண்டும். கிருமிகளின் உடம்புக்குப் போனது கொஞ்சம் கழியும். வாயு மீட்டர் நிறையக் காட்டி, வெளியேறும் தண்ணீர் அழுக்காகவே இருந்தால் மீட்டர் பொய். தண்ணீர் சுத்தமாகி வாயு இல்லையென்றால் எங்கோ ஓட்டை. இரண்டு பக்கமும் எழுதும் பேரேடு இது. மானியம் கொடுக்கும் அலுவலர் மூன்று நாள் வாயுவை மட்டும் அளந்துவிட்டுப் போகாமல், தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் ஒரு பருவம் முழுக்க அளக்கச் சொன்னால், ஒரே ஏட்டில் மின்சாரமும் ஓடையும் சரிபார்க்கப்பட்டுவிடும். இரண்டு அலுவலகங்கள் தனித்தனியே கேட்கும் கேள்விக்கு விடை ஒன்றே என்பதை அந்தக் கறுப்பு மணிகள் எப்போதோ எழுதி வைத்துவிட்டன.

புறப்படும்போது தொட்டிக்காரரிடம், ஆலை ஓய்கிற மாதங்களில் இவற்றைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டேன். “காப்பாத்த என்ன இருக்கு? தீனி நின்னா அதுங்க பாட்டுக்குப் படுத்துக்கும்” என்றார். உண்மைதான். இந்த மணிகள் மாதக் கணக்கில் உணவில்லாமல் கிடந்தும் உயிர் விடுவதில்லை. அவர் தன் அறை ஜன்னலில் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டினார். போன பருவத்தில் பிடித்து வைத்த மணிகள் அடியில், மேலே பழுப்புத் தண்ணீர். மூடியைத் திறந்து ஒரு கரண்டி மாவுத் தண்ணீர் விட்டு, வாயில் ஒரு பலூனை மாட்டி, வெயில் படும் இடத்தில் வைத்தார். “நாளைக்கு இருந்தா பார்த்துட்டுப் போங்க.”

நான் இருந்தேன். மறுநாள் காலையில் பலூன் தலை சாய்ந்துதான் கிடந்தது, வெறும் தோலாக. சாயங்காலம் போனபோது எலுமிச்சங்காய் அளவு நிமிர்ந்திருந்தது.